தொண்டர்க்கு உற்ற இடர்

திருச்சிற்றம்பலம்

பிறவுயிர் உறும் இடரைத் தீர்த்தற்பொருட்டுத் தம் உடம்பை இடருட் செலுத்துவோர் எக்காலத்தும் உளர். வெள்ளத்துட் குதித்து உயிர் மீட்போரும், கொள்ளைநோய் புகுந்த மனையுள் அஞ்சாது புகுவோரும், போர் நிகழும் நிலத்துக்கு நீரும் உணவும் கொண்டு செல்வோரும் இவ்வகையினர். இன்னோர் தம் தொண்டின்கண்ணே காயமுறின், நோயுறின், உயிர் துறப்பின், அவர்க்கும் அவரை நம்பி வாழும் மனையோர்க்கும் தாழாது பொருளுதவி செய்தல் யார்மேற் கடன்? அது கடன்றானோ, அன்றி விரும்பினார் விரும்பிய பொழுது செய்யும் அருளோ? தொண்டென்பது பயன் கருதாதது என்பது நூற்றுணிபாகலின், தொண்டர்க்குப் பொருள் கொடுத்தல் அதனைக் கூலியாக்கி இழிப்பதாகாதோ? அவர்க்கு வந்த இடர் அவர்தம் பழவினைப் பயனாயின், அதனிடையே பிறர் புகுதல் தகுமோ? இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல. சைவ நன்மக்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவற்றிற்கு விடை கூறியேயாதல் வேண்டும். வாயாற் கூறாவிடினும் கையாற் கூறுவர். கையை மூடியிருப்பாராயின் அதுவும் ஒரு விடையே.

கொங்குநாடு கண்டது

இவ்வினாவைக் கொங்குநாடு பலகால் எதிர்கொண்டுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிளேக் என்னுங் கொள்ளைநோய் கோயம்புத்தூரை மீண்டும் மீண்டும் வருத்திற்று. அந்நாளில் மக்கள் கொண்ட அச்சத்துக்கும், அச்சத்திடையே அவர் பற்றிய அன்னையின் திருவடிக்கும், பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு அந்நகரில் விளங்குங் கோயில்கள் இன்றும் சான்றாவன. நோய்க்கஞ்சி ஊரார் அகன்ற தெருவிற் பிணம் எடுத்தற்கும், குப்பை வாருதற்கும், நோயாளர்க்கு நீர் வார்த்தற்கும் எவரேனும் சிலர் அகலாது நின்றேயாதல் வேண்டும். அகன்றவர் உயிர் பிழைத்தமை நின்றவரது துணையாலே என்பதை எளிதில் மறத்தல் உலகியல்பு.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதே காட்சி மீண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் முதற்கொண்டு கொரோனா நோய் காரணமாக நாடு முழுதும் மனைக்குள் அடங்கிற்று. இரவும் பகலும் பேருந்தும் மக்களும் நெருங்கும் காந்திபுரம் ஓசையற்றுக் கிடந்தது. ஆயினும் விடியுமுன் தெருக்கூட்டுந் துடைப்பத்தின் ஒலி ஓய்ந்திலது. 108 ஊர்திகள் ஓடுதல் ஒழிந்தில. செவிலியர் தம் முறைக்கு வருதலைத் தவிர்த்திலர். சிங்காநல்லூரிலுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கொரோனா நோயாளர்க்கென ஒதுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே இறுதியிற் கோவை மாவட்டத்தில் ஒரு நாளிற் புதிதாக நோயுற்றார் தொகை 4,000க்கு மேற்பட்டு, சென்னையின் தொகையையும் கடந்து நின்றது. மனையுள் இருந்தோர் வீதியில் உழைத்தோரைக் கைதட்டிப் போற்றினர். அப்போற்றுரையிற் குற்றமில்லை, ஆயின் போற்றுரை மருந்துக்கு விலையாகாது, மனைக்கு வாடகையும் ஆகாது.

அரசினரும் வாளாவிருந்திலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் நடுவணரசு, கொரோனாப் பணியில் உயிரிழக்கும் நலவாழ்வுப் பணியாளர் குடும்பத்துக்கு 50 இலட்சம் உரூபாய் காப்பீட்டை அறிவித்தது. ஏறத்தாழ 22 இலட்சம் பணியாளர் அதனுள் அடங்குவரெனக் கூறப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே திங்களில் தமிழ்நாட்டரசு, அந்நோயால் இறந்த மருத்துவர் 43 பேரின் குடும்பங்களுக்கு 25 இலட்சம் உரூபாய் வீதம் அறிவித்தது. இவை நல்ல செயல்களே. ஆயின் ஒன்று நோக்கத்தக்கது. நடுவணரசின் காப்பீடு உயிரிழப்புக்கே உரியதாயிருந்தது. நோயுற்றுப் பல திங்கள் மூச்சுமுட்டிக் கிடந்து, வேலையிழந்து, கடன்பட்டு, உயிரோடு மீண்டவர்க்கு அதில் இடமிருந்திலது. தனியார் மருத்துவமனைப் பணியாளராயின் அரசினரால் அப்பணிக்கு அழைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் வரையறையும் இருந்தது. அழைப்பாரின்றித் தாமே முன்வந்தவர் அவ்வரையறையின் புறத்தே நின்றனர். தொண்டு என்னும் சொல்லுக்குப் பொருளாவார் அவரே என்பதை எண்ணுந்தோறும் இதன் முரண் விளங்கும்.

பொருளுதவி ஒருபுறம் நிற்க, நன்றியும் எங்கும் கிடைத்ததன்று. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் சென்னையில் அந்நோயால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசு என்பாரின் உடலை அடக்கஞ் செய்யவிடாது ஒரு கூட்டத்தார் கல்லெறிந்து தடுத்தனர்; உடலைக் கொண்டுசென்ற ஊர்தியினர் காயமுற்றனர். நோயாளர்க்கு மருந்தளித்தவரும் அவர்தம் உடலைச் சுமந்தவரும் ஒருங்கே கல்லேறு பெற்ற அந்நிகழ்ச்சி, தொண்டர்க்கு இடர் நோயினால் மட்டும் வருவதன்று, தொண்டுகொள்ளும் மக்களாலும் வருமென்பதைக் காட்டிற்று. இனித் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வாம் என நூல்வழி நிற்போர் தொடங்குமாறே, ஈண்டும் அவை முறையே எடுத்து நோக்கப்படும்.

முதற்றடை: அது அவர் வினை

அவரவர் இடர் அவரவர் வினைப்பயன். அது நுகர்ந்தே கழிக்கற்பாலது. பிறர் இடைப்புகுதலால் ஆவதொன்றில்லை என்பர் ஒருசாரார். வினைக்கொள்கை சைவசித்தாந்தத்தின் தூண்களுள் ஒன்றாகலின் இவ்வுரை சைவர் வாயினின்றும் எளிதிற் பிறக்கின்றது. அதனால் இதனைச் சைவநூல் வழியே ஆராய்தல் முறை.

செய்வான், செய்வினை, வினையின் பயன், அப்பயனைச் சேர்ப்பான் என நான்கு பொருள் கொள்வது சைவத்துணிபு. வினை சடமாகலின் தானே தன் கருத்தாவைச் சென்று பற்றமாட்டாது. உயிர் சிற்றறிவினதாகலின் தன் வினைப்பயனைத் தானே அறிந்து கொள்ளவும் மாட்டாது. இன்ன வினைக்கு இன்ன பயன், அது வருதற்குரிய காலம் இது, வாயில் இது என்று அறிந்து கூட்டுவோன் சிவபெருமான் ஒருவனே. அங்ஙனமாயின், படுக்கையிற் கிடக்கும் ஒரு செவிலியைக் காட்டி, இவள் முன்செய்த தீவினை இது என்று துணிபவன் அறியப்படாத ஒன்றை அறிந்தானாக நடிக்கின்றான்; சேர்ப்பானுக்குரிய இருக்கையில் தான் அமர்கின்றான். அது வினைக்கொள்கையை நம்புதலன்று, அதனை அவமதித்தலேயாம்.

அன்றியும், பிராரத்தவினை இன்பமுந் துன்பமுமாகிய இருவகைப் பயனையும் தரும். அப்பயன் தெய்வம், பிறவுயிர், பூதம் என்னும் வாயில்களால் வந்து பொருந்தும். காயமுற்றவர்க்குக் காயம் ஒரு வாயிலால் வந்ததாயின், அக்காயத்தை ஆற்றும் உதவியும் அவர்க்குரிய நல்வினைப் பயனாய் மற்றொரு வாயிலால் வருதல் கூடும். அவ்வாயில் அண்டையிலிருப்பவனது கையாதலும் கூடும். கையை மூடுவானாயின், காயமுற்றவர் வினை எவ்வாறாயினும் ஆகுக, மூடியவனுக்கு அது புதிதாக ஈட்டிய ஆகாமியமாகின்றது. ஆகவே, வினை என்று சொல்லி விலகுவோன் பிறர் வினையைக் காண்பவன்போலத் தன் வினையைக் காணாதவன் ஆகின்றான்.

இத்தடைக்கு நேர்விடை கொங்குநாட்டு மண்ணிலேயே அருளப்பட்டது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநணாவை வணங்கி மீண்டு திருக்கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்திற் பனிப்பருவம் வந்துற்றது. அந்நிலத்துக்கு இயல்பான குளிர்சுரம் உடன்வந்த அடியாரையும் பரிசனத்தாரையும் பற்றிற்று. அவர்கள் தத்தம் ஊரில் இருந்திருப்பின் அந்நோய் அவர்களை அணுகியிராது. பிள்ளையாரைத் தொடர்ந்து ஏவல் செய்த தொண்டே அவர்களை அந்நிலத்துக்குக் கொணர்ந்தது. ஆகலின் அது தொண்டின்கண் உற்ற இடரே. அவர்கள் வந்து விண்ணப்பித்த பொழுது, முற்பிறப்பில் யாது செய்தீர் எனப் பிள்ளையார் வினவிற்றிலர். இது இந்நாட்டு இயல்பு, பொறுத்திருங்கள் என அமைதியுங் கூறிற்றிலர். திருநீலகண்டப் பதிகம் அருளி நோயைத் தீர்த்தனர். துன்பம் வினையால் வருவதென்று உரைத்துவிட்டு, அதினின்றும் நீங்கும் வழியைத் தேடாது வாளாவிருத்தல் உரைப்பவர்க்கே குறையாமென்பது அப்பதிகத்தின் கருத்து. வினைக்கொள்கையை மறுத்து எழுந்த கருத்தன்று அது. வினைக்கொள்கையை உடன்பட்டு, அதன்மேல் நின்று எழுந்தது.

அந்நிகழ்ச்சியில் இன்னுமொன்று சிந்திக்கற்பாலது. அன்று நோய் நீங்கினவர் பரிசனத்தார் மட்டுமல்லர். அந்நாடு முழுதும் அந்நோய் அற்றொழிந்தது எனப் பெரியபுராணம் கூறும். தொண்டர்க்குற்ற இடரைத் தீர்க்கப் புகுந்த அருள், தொண்டரோடு நில்லாது நாடெங்கும் பரந்தது. தெருக்கூட்டுவாரின் நோய்க்கு மருந்து தேடும் நகரம் தன் நோய்க்கும் மருந்து தேடியதாகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாந்தடை: பொருள் தொண்டினைக் கூலியாக்கும்

தொண்டர் பயன் கருதாதவர். அவர்க்குப் பொருள் நீட்டுதல் அவரை இழித்தலாகும் என்பது அடுத்த தடை. இது முதற்றடையினும் நயமுடையது. அதனாலே மிக்க கேடு விளைப்பது. தொண்டரைப் புகழும் வாயாலேயே அவர்தம் மனையைப் பட்டினியில் விடுதற்கு இது வழிசெய்யும்.

இதற்கு விடை பயன், செலவு என்னும் இரண்டன் வேறுபாட்டில் உளது. தொண்டர் துறந்தது பயனை. காயமோ தொண்டின் பயனன்று. அது தொண்டிற்கு ஆன செலவு. திருவிளக்கிடுவார்க்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தல் கூலி கொடுத்தலாகாது. அது விளக்கினுக்குக் கொடுத்தது. அவ்வாறே தொண்டிற் பட்ட காயத்துக்கு மருந்தும், அக்காயத்தால் நின்றுபோன நாட்கூலிக்கு ஈடும், தந்தையை இழந்த மகவின் கல்விக்குப் பொருளும் தொண்டினுக்குக் கொடுப்பனவேயன்றித் தொண்டர்க்குக் கொடுக்கும் பரிசில் அல்ல.

கலிய நாயனார் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. திருவொற்றியூரில் வணிகர் குலத்திற் பிறந்த அவர் கோயிலுள்ளும் புறம்பும் எண்ணிறந்த விளக்கேற்றுந் தொண்டினர். செல்வம் முழுதும் அத்தொண்டிற் செலவாயிற்று. கூலிக்கு எண்ணெய் ஆட்டும் வேலையுஞ் செய்து பார்த்தனர், அதுவும் முட்டுப்பட்டது. முடிவில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே நிறைக்கத் துணிந்து கழுத்தை அரிந்தனர். அப்பொழுது இறைவன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தருளினான். தொண்டர் தம் குருதியைக் கொடுக்கத் துணிதல் அவர் அன்பின் எல்லை. அதனை எண்ணெயாக ஏற்றுக்கொள்ளாமை இறைவன் அருளின் எல்லை. ஆண்டவன் ஏலாத குருதியை ஊரார் ஏற்று, அவ்விளக்கின் ஒளியில் அமர்ந்து, என்னே இவர் தியாகம் எனப் புகழ்வாராயின், அப்புகழ்ச்சி எவ்வகைத்து என்பதை அறிவுடையோர் உணர்வர்.

கொண்டவர் கடன்

தொண்டர் வாய்திறந்து கேளார். அவர் கேளாமை அவர்க்கு அழகு. ஆயின் அது தொண்டுகொண்டவர்க்கு விடுதலைச்சீட்டு ஆகாது. இவ்வுண்மை திங்களூரிற் பொன்போல் விளங்கிற்று. அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைக் காணாமுன்னரே அவர் திருப்பெயராற் சாலையும் குளமும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தவர். தம் மக்களுக்கும் அப்பெயரையே இட்டவர். நாயனார் எழுந்தருளியபொழுது திருவமுதுக்கு வாழைக்குருத்து அரியச்சென்ற மூத்த மகனை அரவு தீண்டிற்று. விடம் தலைக்கேறுமுன் குருத்தினைக் கொடுத்துவிடல் வேண்டுமென விரைந்து ஓடிவந்து கொடுத்து அப்பிள்ளை வீழ்ந்து இறந்தான். அடியார் அமுது செய்தற்கு இடையூறாகும் எனக் கருதிய பெற்றோர், உடலைப் பாயிற் சுருட்டி ஒருபுறம் மறைத்துவைத்து, முகம் மாறாது இலையிட்டனர்.

தொண்டின்கண் உயிரிழந்தவன் ஒரு சிறுவன், அவ்விடரை மறைத்தவர் அவனைப் பெற்றவர், தொண்டுகொண்டவர் நாயனார். அவர் உண்டிருப்பாராயின் அப்பூதியார் மகிழ்ந்திருப்பர். குற்றங் கூறுவார் ஒருவரும் இலர். ஆயினும் நாயனார் உண்டிலர். திருநீறு சாத்துதற்கு மூத்த பிள்ளையை அழைத்தபொழுது பெற்றோர் கூறிய மறைமொழி அவர் திருவுள்ளத்துத் தடுமாற்றத்தை விளைத்தது. அத்தடுமாற்றத்தை அவர் தள்ளிவிடாது உண்மையை வினவினர், அறிந்தவுடன் எழுந்தனர், உடலைத் திருக்கோயிலின் முன் கொணர்வித்துப் பதிகம் பாடி உயிர் மீட்டருளினர். அதன்பின்னரே அமுது செய்தனர். மகன் மீண்டமை கண்டும் பெற்றோர், அடியார் உணவு தாழ்த்ததே என வருந்தினர் என்பது வரலாறு. இருவரும் தத்தம் அறத்திற் பிறழ்ந்திலர். மறைத்தல் தொண்டரின் அறம். மறைத்ததைத் தேடிக் காண்டல் கொண்டவரின் அறம். இவ்விரண்டாவது அறம் இல்லாத ஊரில் முதலாவது அறம் ஊராரின் வசதிக்குக் கருவியாய்விடும்.

ஆகவே, இடருற்ற தொண்டர் விண்ணப்பம் எழுதிக் கொண்டுவருக, சான்றுகளை இணைக்குக, முறை வருமளவும் காத்திருக்க என்பது அறத்தின் வழியாகாது. உதவுவோர் அவர் மனைக்குச் செல்லல் வேண்டும். இலைமுன் அமருமுன் வினவல் வேண்டும்.

காலந்தாழ்த்தலாகிய வட்டம்

உதவி இருத்தல் மட்டும் போதாது. காலத்தில் வருதல் வேண்டும். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்துப் பெருமான் இரு பெருமக்கட்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அப்பர் கைத்தொண்டு செய்தவராகலின் அவர் பெற்ற காசு வாசியில்லாததாயிற்று. பிள்ளையார் பெற்றது வாசியுடையதாயிற்று. அதனை மாற்றுமிடத்து வட்டங் கேட்கப்பட்டமையால் பண்டம் வாங்குதல் தாழ்த்தது; பிள்ளையார் மடத்தில் அடியார் உண்ணும் பொழுதும் தாழ்த்தது. பஞ்ச காலத்தில் ஒரு வேளைத் தாழ்வைச் சிறிதென்று பிள்ளையார் விட்டிலர். காரணம் வினவி அறிந்து, வாசி நீங்குமாறு இறைவனிடம் விண்ணப்பித்து அதனைப் பெற்றனர். காசு இருந்தும் காலத்தில் உணவாகாக்கால் அக்காசிற் குறையுண்டு என்பதே அவர் திருவுள்ளம். கையால் உழைத்த தொண்டர்க்குரிய காசில் வாசி இருத்தலாகாது என்பதும் அவ்வரலாற்றிற் பொருந்திக்கிடக்குங் கருத்து.

இக்காலத்து இழப்பீடுகள் பலவற்றுள் இவ்வாசி உளது. மலக்குழியிலும் சாக்கடையிலும் இறங்கி மூச்சடைத்து இறந்தவர் குடும்பத்துக்கு, 1993ஆம் ஆண்டு முதற்கொண்டு நிகழ்ந்த சாவுகளுக்கு, 10 இலட்சம் உரூபாய் கொடுத்தல் வேண்டுமென 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்தோராண்டின் முன் இறந்தவன் மனைவிக்கு அத்தீர்ப்பு வந்த பொழுது அவள் மகவு வளர்ந்து தானே குடும்பத்தன் ஆகியிருப்பான். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. நிலையாக உறுப்புக் குறைவுற்றார்க்கு 20 இலட்சமும், ஏனை உறுப்புக் குறைவுக்கு 10 இலட்சத்திற் குறையாமலும் கொடுக்குமாறு விதிக்கப்பட்டது. சாவு மட்டுமன்றி உயிரோடிருக்கும் இடரும் இடரே என அத்தீர்ப்பு கொண்டமை போற்றத்தக்கது. ஆயினும் பெருந்தொகை பின்னர் வருதலும், முதனாளின் ஆயிரம் உரூபாய் வாராதொழிதலும் ஒருங்கே நிகழ்கின்றன. மருத்துவமனை வாயிலில் நிற்கும் மனைவிக்கு வேண்டுவது பின்வரும் இலட்சமன்று. அன்று மாலை மருந்துக்கும், ஊர் செல்லும் பேருந்துக்கும், வீட்டிலிருக்கும் மக்களின் உணவுக்கும் ஆகும் சிறுபொருளே.

மூன்றாந்தடை: பொய்யர் புகுவர்

ஆராயாது கொடுப்பின் பொய்யர் புகுந்து கவர்வர் என்பது ஆட்சிவழிப்பட்டார் கூறுந் தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. மெய்ப்பொருள் நாயனார் பொய்வேடத்தானையும் வேடத்தின்பொருட்டு வணங்கித் தம் உயிரையும் கொடுத்தார். ஆயின் அவர் கொடுத்தது தம் உயிர்; அறநிலையத்தார் கையிலிருப்பதோ பிறர் தந்த பொருள். தம் பொருளை வழங்குதற்குள்ள உரிமை பிறர் பொருளை வழங்குதற்கில்லை. ஆகவே நடுவுநிலை வழி ஒன்று கொள்ளற்பாலது. முதனாட் சிறுபொருளை ஆராயாது கொடுத்து, பின்வரும் பெரும்பொருளை ஆராய்ந்து கொடுத்தலே அது. முதற்பொருளிற் பொய்யர் சிலர் புகுவராயின் அவ்விழப்பைப் பொறுத்தல் தகும். பொய்யர் ஒருவர்க்கு அஞ்சி மெய்யர் நூற்றுவரைக் காக்கவைத்தலால் வரும் பழி அவ்விழப்பினும் பெரிது.

சட்டத்தின் எல்லைக்குப் புறத்தார்

அரசும் சட்டமும் உளவாக, சைவ மக்கள் இதிற் புகுவது ஏன் என வினவலாம். சட்டம் வேலைகொண்டான், வேலைசெய்தான் என்னும் இருவர் உறவின்மேல் நிற்பது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அவ்வுறவை அடிப்படையாகக் கொண்டெழுந்தவை. அவற்றால் நலம் பெற்ற ஆலைத்தொழிலாளர் கொங்குநாட்டிற் பலர். ஆயின் எவரும் அமர்த்தாது தாமே இறங்கியவர்க்கு வேலைகொண்டான் யார்? ஒப்பந்தக்காரர்க்குக் கீழ் ஒப்பந்தக்காரராய்ப் பல கைமாறி அமர்த்தப்பட்ட துப்புரவுப் பணியாளர்க்கு, இடருற்ற நாளில் நான் அவனை அமர்த்தினேன் என முன்வருபவன் யார்? அமர்த்தினவன் அறியப்படாவிடினும் தொண்டுகொண்டவர் அறியப்படுவர், அவர் ஊரார். கடன் அவரைச் சார்தலே முறை.

நாட்டின் சட்டமே காவாத இடமும் உண்டு. பாடல்பெற்ற திருக்கோணமலைக்கு எதிரே கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரில், 2006ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 4ஆம் நாள், பிரான்சு நாட்டுப் பட்டினி ஒழிப்பு அறநிறுவனம் ஒன்றின் பணியாளர் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவருட் பதினாறு பேர் தமிழர், ஒருவர் இசுலாமியர். ஆழிப்பேரலையால் அழிந்த ஊர்களுக்குத் தண்ணீர் வசதி முதலியன செய்தது அவர் நிறுவனம். கொன்றார் எவரும் இற்றைவரை நீதிமன்றத்தில் ஒறுக்கப்பட்டிலர். இவர் பிறநாட்டினின்றும் வந்தவரல்லர், அந்நிலத்தினரே. உலகெங்கும் இதுவே நிலை. 2003ஆம் ஆண்டு ஆகத்து 19ஆம் நாள் பாக்குதாது நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் அலுவலகத்தில் 22 பேர் கொல்லப்பட்டமை பற்றி அந்நாள் பின்னர் உலக மனிதநேயத் தொண்டர் நாளாக வகுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 383 தொண்டர் கொல்லப்பட்டனர் என அவ்வவை கூறுகின்றது. அவருட் பெரும்பாலார் தத்தம் நாட்டிலேயே தம் மக்களுக்கு உழைத்தவர். தொலைவினின்று வந்தவர்க்குத் திரும்பிச்செல்ல வானூர்தி உண்டு, காப்பீடு உண்டு. மண்ணின் மகனாகிய தொண்டனுக்கு இடருற்றால் அண்டை வீட்டாரையன்றி வேறு துணையில்லை.

முடிபு

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. தொண்டர்க்குற்ற இடரைத் தீர்த்தல் அருளன்று, கடன். அக்கடன் தொண்டினாற் பயன்கொண்டவர்மேலது. வினை என்னும் உரை அக்கடனைத் தீர்க்காது. தொண்டர் கேளாமை அதனைக் குறைக்காது. அக்கடன் கேளாமுன்னும், காலந்தாழாதும், வாசியின்றியும் தீர்க்கற்பாலது. இறந்தவர் மனையோர்க்கு மட்டுமன்றி, காயத்தோடு வாழ்வார்க்கும், அச்சத்தால் உளம் நொந்தார்க்கும், ஊதியம் நின்றார்க்கும் அது உரியது.

இதனைச் செய்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பேரூர், அவிநாசி, திருமுருகன்பூண்டி முதலாக அருட்டலங்கள் மலிந்த கொங்குநாட்டிற் சைவ சபைகளும் திருமுறைக் கழகங்களும் பல. ஒவ்வொன்றும் தன் திருவிழாச் செலவில் ஒரு சிறுகூற்றை இடர்த்துணை நிதியெனப் பிரித்துவைத்தல் கூடும். தன் தெருவிற் குப்பை வாருவோர், தன் ஊருக்கு வரும் செவிலியர், 108 ஊர்தி ஓட்டுவோர், வெள்ளத்திலும் தீயிலும் முன்னிற்கும் இளைஞர் ஆகியோருள் ஒருவர் இடருற்றார் எனக் கேட்டவுடன், உறுப்பினர் இருவர் அன்றைப் பொழுதே அவர் மனைக்குச் சென்று முதற்பொருளைக் கையிற் சேர்த்தல் கூடும். அவர்க்குரிய அரசுதவி யாது என அறிந்து, விண்ணப்பம் எழுதி, அலுவலகந்தோறும் அவர்க்காக ஏறி இறங்குதலும் கூடும். பொருளினும் இத்துணையே பலர்க்கு அரிதாகின்றது. கொடுத்தவர் பெயரும் கொள்பவர் பெயரும் பலகையில் எழுதப்படாதிருத்தல் இருவர்க்கும் நலம். குலமும் சமயமும் வினவுதலும் வேண்டா. பேருந்து நிலையத்தைக் கூட்டுவார் இறங்குவாரின் சமயம் கேட்டுக் கூட்டுவதில்லை.

தண்ணீர்ப்பந்தர் அமைத்தல் சைவர்க்குப் பழக்கமான அறம். நீர் வார்ப்பவன் அரவு தீண்டி வீழ்ந்தான் எனின், அவனைப் பாயில் மறைத்துப் பந்தரை நடத்துதல் சைவமன்று. இலையைத் தள்ளி எழுந்து அவனிடம் செல்லுதலே சைவம். நாவரசர் அன்று எழுந்தருளினார். அவர் வழியினர் இன்று எழுதல் கடன்.

திருச்சிற்றம்பலம்